எஞ்சின் இல்லா விமானங்களும் புனே பீடபூமியின் காற்றும்

எஞ்சின் இல்லாமல் பறக்கும் விமானமான கிளைடருக்கான போட்டி ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை. ஒரு வாரமோ இரண்டு வாரமோ நீளும். ஒவ்வொரு காலையும் வானிலை அறிந்தவர் அன்றைய காற்று எப்படி இருக்கும் என்று விளக்குவார். அதைக் கேட்ட பிறகே போட்டிக் குழு அன்றைய பாதையை அறிவிக்கும். புறப்பட்ட களத்திலிருந்து ஓர் ஊர், அங்கிருந்து வேறோர் ஊர், பிறகு மீண்டும் களம் என்று நூறு, இருநூறு, நல்ல நாளில் ஐந்நூறு கிலோமீட்டர்கூட அந்தப் பாதை நீளும். இழுவை விமானம் ஒன்று கயிறு கட்டி இழுத்துச் சென்று சில நூறு மீட்டர் உயரத்தில் கிளைடரை விட்டுவிடும். அதன் பின் விமானிக்கு இருப்பது வெயிலில் காய்ந்த தரையும் அந்தத் தரையிலிருந்து எழும் காற்றும்தான். அன்றைக்கு வென்றவருக்கு அதிகபட்சம் 1000 புள்ளி. மற்றவர்களுக்கு அவரவர் கடந்த தூரத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ப அதற்குக் கீழே. நாள்தோறும் சேரும் புள்ளிகளின் கூட்டுத்தொகை கடைசி நாளில் வெற்றியாளரைச் சொல்லும்.

இத்தனை நாள் வேண்டியதற்குக் காரணம் உண்டு. காற்று எல்லாருக்கும் ஒரே மாதிரி வாய்ப்பதில்லை. ஒருவர் கடந்துபோன இடத்துக்குப் பத்து நிமிடம் கழித்து வருபவருக்கு மேகம் தரையை மூடி, எழும் காற்று நின்றுபோயிருக்கலாம். ஒரு நாளின் முடிவில் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. பத்து நாள் பறக்கும்போது அதிர்ஷ்டம் எல்லார் பக்கமும் மாறி மாறி வந்துபோகும்; வானத்தைப் படிக்கத் தெரிந்தவர் மெல்ல மெல்ல மேலே வருவார். உலகப் போட்டிகளில் குறைந்தது நான்கு நாளாவது முறையாகப் பறந்திருந்தால்தான் பட்டம் செல்லும் என்ற விதி இந்த நியாயத்திலிருந்து வந்தது.

போட்டியின் பிறப்பிடம் ஜெர்மனி. முதல் உலகப் போரில் தோற்ற அந்த நாட்டுக்கு வெர்சாய் உடன்படிக்கை விமானப் படையை மறுத்தது. எஞ்சின் விமானம் கட்டுவதற்கும் கடுமையான தடைகள் வந்தன. எஞ்சின் இல்லாத விமானத்துக்கு மட்டும் தடை இல்லை. விமான இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்த ஆஸ்கர் உர்சினுஸ் இளம் பொறியாளர்களையும் மாணவர்களையும் 1920-ஆம் ஆண்டுக் கோடையில் ரோன் மலைத்தொடரின் 950 மீட்டர் உயர வாஸர்குப்பே சிகரத்துக்கு அழைத்தார். அந்த முதல் ஆண்டில் வொல்ஃப்காங் கிளெம்பெரர் பறந்த தூரம் 1,830 மீட்டர். நேரம் 2 நிமிடம் 22 விநாடி. அதுவே அன்று பெரிய சாதனை. அந்தக் கூட்டத்தில் ஒரு விமானி உயிரிழந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தத் தொடக்கம் முழுமையாகும்.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1922 ஆகஸ்டில் ஹனோவர் மாணவர்கள் கட்டிய வாம்பயர் என்ற கிளைடரில் ஆர்தர் மார்ட்டென்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானில் நின்றார். அதே விமானத்தில் ஹென்ட்ஸன் சில நாட்களில் மூன்று மணி நேரத்தைத் தாண்டினார். மலைச்சரிவில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்பும். அந்த ஏறுகாற்றில் சரிவை ஒட்டி முன்னும் பின்னும் போய்வந்தே அவர்கள் நேரத்தை நீட்டினார்கள். ஆனால் சரிவை விட்டு விலக முடியவில்லை. 1926-ல் மாக்ஸ் கேகல் இடிமேகம் ஒன்றால் மேலே உறிஞ்சப்பட்டு, தப்பிப் பிழைத்து, 55 கிலோமீட்டர் தள்ளி இறங்கினார். காற்று மலையில் மட்டும் எழுவதில்லை, சமவெளியிலும் மேகத்துக்கு அடியிலும் எழுகிறது என்பதை அந்த விபத்து போன்ற பயணம் எல்லாருக்கும் காட்டியது. வானிலை அறிஞர் வால்டர் கியோர்கி அதை ஆய்வாக்கினார். விமானம் விநாடிக்கு எத்தனை மீட்டர் ஏறுகிறது, இறங்குகிறது என்று காட்டும் வேரியோமீட்டரை ராபர்ட் கிரோன்ஃபெல்ட் கிளைடரில் பொருத்திப் பறந்தார். 1929-ல் அவர் நூறு கிலோமீட்டரைக் கடந்த முதல் கிளைடர் விமானி ஆனார். கண்ணுக்குத் தெரியாத ஏறுகாற்றை ஊசி முனையில் பார்க்க முடிந்த அந்த நாளிலிருந்துதான் இன்றைய போட்டி தொடங்குகிறது என்று சொல்வது தவறாகாது. 1935-ஆம் ஆண்டு ரோன் போட்டியில் நான்கு பேர் ஒரே நாளில் 504 கிலோமீட்டர் பறந்து செக்கோஸ்லோவாக்கியாவின் பெர்னோ நகரில் இறங்கினார்கள்.

இந்தக் கதையின் இன்னொரு பக்கம் இருண்டது. நாஜி ஆட்சி கிளைடர் மன்றங்களைத் தன் கைக்குள் கொண்டுவந்து, வருங்காலப் போர் விமானிகளைத் தயாரிக்கும் பள்ளிகளாக ஆக்கியது. 1937-ல் வாஸர்குப்பேயில் நடந்த முதல் சர்வதேசப் போட்டியில் ஹைனி டிட்மார் வென்றபோது, மலையெங்கும் பறந்தவை அந்த ஆட்சியின் கொடிகள். யூதர் மரபில் பிறந்த கிரோன்ஃபெல்ட் அதற்கு முன்பே ஜெர்மனியை விட்டு வெளியேறியிருந்தார்.

போருக்குப் பின் 1948-ல் சுவிட்சர்லாந்தின் சமேடனில் போட்டி மீண்டும் உயிர் பெற்றது. ஸ்வீடனின் பெர் ஆக்ஸெல் பெர்சன் வென்ற அந்தப் போட்டியில் இரண்டு பிரிட்டிஷ் விமானிகள் மலைகளில் இறந்தனர். அதன்பின் உலகப் போட்டி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாடு மாறி நடந்தது. 1952-ல் மாட்ரிட்டின் காய்ந்த மேட்டுநிலத்தில், கொளுத்தும் வெயிலில் பிரிட்டனின் பிலிப் வில்ஸ் வென்றார். இரண்டு ஆண்டு கழித்து இங்கிலாந்தின் கேம்ப்ஹில்லில் மழையும் தாழ்ந்த மேகமும் பெரும்பாலான நாட்களைக் கெடுத்தன. போட்டியின் தரம் அதை நடத்தும் நிலத்தின் வானிலையைப் பொறுத்தது என்பதற்கு இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

1956-ல் பிரான்ஸின் சேன்-யான் நகரில் வென்ற அமெரிக்கர் பால் மக்ரெடி, போட்டியைக் கணக்காகவும் மாற்றினார். ஓர் ஏறுகாற்றில் உயரம் சேர்த்த விமானி அடுத்ததை நோக்கி எவ்வளவு வேகத்தில் பாய வேண்டும்? மெதுவாகப் போனால் உயரம் மிஞ்சும், நேரம் வீணாகும். விரைந்து போனால் உயரம் கரையும். அடுத்த ஏறுகாற்று எவ்வளவு வலிமையாக இருக்கும் என்று விமானி எதிர்பார்க்கிறாரோ, அதற்கேற்ற வேகம் ஒன்று உண்டு என்பது மக்ரெடியின் விடை. வேரியோமீட்டரைச் சுற்றித் திருப்பும் ஒரு வளையத்தில் அந்தக் கணக்கை அவர் அடக்கிவிட்டார். இன்று அதைக் கணினி செய்கிறது. எதிர்பார்ப்பு மட்டும் இன்றும் விமானியின் தலையில்தான். இதே மக்ரெடிதான் பின்னாளில் மனிதக் காலின் விசையால் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த விமானத்தை வடிவமைத்தவர்.

தொடக்க காலத்தில் யார் அதிக தூரம் போகிறார் என்பதே பந்தயம். போன விமானிகளை மீட்டு வர, நீண்ட டிரெய்லர் பூட்டிய கார்கள் இரவெல்லாம் நாடு கடந்து ஓடின. மறுநாள் காலை விமானியும் உதவியாளரும் தூக்கமில்லாமல் களத்துக்குத் திரும்புவார்கள். இதைத் தவிர்க்கவே குறித்த ஊர்களைச் சுற்றிக் களத்துக்கே திரும்பும் பாதைகள் வந்தன. திருப்புமுனையை உண்மையில் சுற்றினாரா என்பதற்குச் சான்று முதலில் விமானியின் கேமரா எடுத்த படம். 1990-களிலிருந்து ஜிபிஎஸ் பதிவு. 1958-ல் போலந்தின் லெஷ்னோவில் 15 மீட்டர் இறக்கை அகலத்துக்குள் அடங்கும் ‘ஸ்டாண்டர்ட்’ வகுப்பு தொடங்கியது. அதிகப் பணம் கொட்டி நீண்ட இறக்கை கட்டியவருக்கே வெற்றி என்றாகிவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். இந்த வகுப்பின் அளவுதான் சில ஆண்டுகளில் இந்திய வடிவமைப்பாளரின் மேசைக்கும் வந்தது.

ஏறுகாற்றைப் பற்றிய இந்திய அறிவு இந்தப் போட்டிகளுக்கும் முந்தையது. ஆக்ராவில் அரசு ஆய்வாளராகவும் நுண்ணுயிரியல் அறிஞராகவும் இருந்த எர்னஸ்ட் ஹான்கின், பருந்துகளும் பிணந்தின்னிக் கழுகுகளும் சிறகடிக்காமல் மேலேறுவதை ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்து, 1913-ல் ‘அனிமல் ஃபிளைட்’ என்ற நூலாக வெளியிட்டார். காலையில் வெயில் ஏற ஏற, இலேசான உடல் கொண்ட பருந்து முதலில் வட்டமிடத் தொடங்குகிறது, கனத்த கழுகு பின்னால் வருகிறது என்பது அவரது முக்கியமான கவனிப்புகளில் ஒன்று. கனமான பறவையைத் தூக்க வலுவான காற்று வேண்டும். கிளைடர் விமானி ஒருவர் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்ற கேள்விக்கான விடை அந்தக் குறிப்பில் அப்படியே இருக்கிறது. ஜெர்மன் மாணவர்கள் வாஸர்குப்பேயில் ஏறுவதற்கு ஏழு ஆண்டு முன்பே அது அச்சில் வந்துவிட்டது.

இந்த அறிவு நிறுவனமாக வேரூன்றிய நகரம் புனே. இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928-ல் சிம்லாவிலிருந்து புனேக்கு வந்தது. அந்த அலுவலகம் இருந்த மாளிகையை ஊர்மக்கள் இன்றும் ‘சிம்லா ஆபீஸ்’ என்றே சொல்கிறார்கள். அங்கே பணியாற்றியவர்களில் சி.வி. ராமனின் மாணவர் பரம்பரை பெரும் பங்கு வகித்தது. பாலக்காட்டு கல்பாத்தியைச் சேர்ந்த கே.ஆர். ராமநாதன், அரபிக்கடலிலிருந்து மலையேறி வந்து புனேயை எட்டும் கடற்காற்றின் அமைப்பை ஆராய்ந்து 1931-ல் கட்டுரை எழுதினார். அதே பாலக்காட்டுப் பகுதியின் எல்.ஏ. ராம்தாஸ், தரையை ஒட்டிய காற்றின் சில அடி உயரத்தில் வெப்பம் எப்படி மாறுகிறது என்று புனே வயல்களில் அளந்தார். அமைதியான தெளிந்த இரவில் மிகக் குளிர்ந்த காற்று தரையில் இல்லை, தரைக்குச் சற்று மேலே இருக்கிறது என்று 1932-ல் அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. பின்னர் அது ‘ராம்தாஸ் படலம்’ என்று பாடநூல்களில் ஏறியது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மணி 1948-ல் புனேயில் சேர்ந்து, வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்து தரப்படுத்தும் பணியை முன்னெடுத்தார். இவர்கள் யாரும் கிளைடருக்காக உழைக்கவில்லை. ஆனாலும் ஏறுகாற்று எப்போது பிறக்கும், எப்போது சாகும் என்று கேட்கும் விமானிக்குத் தேவையான அடிப்படை முழுவதும் இந்த நகரத்தின் நோட்டுப் புத்தகங்களில் சேர்ந்தது.

நிலமும் அதற்கு ஒத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டில் இருக்கும் லோனாவளாவில் ஆண்டுக்கு 400 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அங்கிருந்து அறுபது கிலோமீட்டர் கிழக்கே புனேயில் 70 சென்டிமீட்டர் அளவுதான். சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த மேட்டுநிலத்தின் எரிமலைப் பாறைக் குன்றுகளும் கரிசல் வயல்களும் பங்குனி, சித்திரை வெயிலில் நன்றாகச் சூடேறும். கால்வாய்ப் பாசனக் கரும்பு வயல்கள் சூடேறுவதில்லை. வெறும் கரிசலும் பச்சை வயலும் அடுத்தடுத்து இருக்கும் இடங்களில் சூடான துண்டின் மேல் காற்று எழும், குளிர்ந்த துண்டின் மேல் அடங்கும். மேலிருந்து பார்க்கத் தெரிந்தவருக்கு நிலத்தின் நிறமே வழிகாட்டி.

நகரின் வடமேற்கு விளிம்பில், பவனா ஆறு முளாவில் கலக்கும் இடத்தில் தாபோடி இருக்கிறது. மும்பை சாலையும் லோனாவளா ரயில் பாதையும் இந்த ஊர் வழியேதான் மலையை நோக்கிப் போகின்றன. 1940-களின் இறுதியில் ரூர்க்கியிலிருந்து இடம்பெயர்ந்த இராணுவப் பொறியியல் கல்லூரியின் விரிந்த வளாகமும் இங்கேயே. கிளைடர் விமானியின் கண்ணில் தாபோடிக்கு வேறொரு பொருளும் உண்டு. கோடைப் பிற்பகலில் கொங்கணக் கரையிலிருந்து புறப்படும் கடற்காற்று மலையைத் தாண்டி, பவனா பள்ளத்தாக்கு போன்ற வாய்கள் வழியே மேட்டுநிலத்துக்குள் நுழைகிறது. மேற்கிலிருந்து வரும் அந்தக் குளிர்ந்த காற்று முதலில் தாபோடிப் பக்கத்தையும், பின்னர் நகரையும், அதற்கும் பின்னர் தென்கிழக்கே இருக்கும் ஹடப்சரையும் தொடும். அது வந்து சேர்ந்த இடத்தில் ஏறுகாற்று ஓய்ந்துவிடும். வருகிற காற்றின் முன்விளிம்பிலோ, குளிர்ந்த காற்று சூடான காற்றை ஆப்பு அடிப்பது போலக் கீழிருந்து நெம்பி உயர்த்துவதால், நீண்ட கோடாக ஓர் எழுச்சி கிடைக்கும். மாலையில் களம் திரும்பும் விமானிக்கு அது வரமாகவும் இருக்கும், சற்று மேற்கே தவறி நுழைந்துவிட்டால் அன்றைய பறப்பின் முடிவாகவும் இருக்கும்.

இந்திய மண்ணில் கிளைடர்கள் பெருமளவில் வந்தது போருக்காக. 1944 மார்ச் 5 இரவு, அஸ்ஸாமின் லாலாகாட்டிலிருந்து அமெரிக்க விமானங்கள் பிரிட்டனின் சிறப்புப் படையான சிண்டிட் படையினரைச் சுமந்த கிளைடர்களை இழுத்துச் சென்று பர்மாக் காட்டுக்குள் இறக்கின. பல கிளைடர்கள் வழியிலும் இறங்கும்போதும் நொறுங்கின. அவை ஒருமுறை இறக்கிவிட்டுக் கைவிடுவதற்கான கனத்த பெட்டிகள். மேலேறிப் பறக்கும் கிளைடருக்கும் அவற்றுக்கும் பெயரில் மட்டுமே உறவு.

விடுதலைக்குப் பின் வந்த அரசு கிளைடரைக் கல்வியாகப் பார்த்தது. எஞ்சின் விமானத்தில் ஒரு மணி நேரம் பறக்க ஆகும் செலவு எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு எட்டாதது. கிளைடரில் அது எட்டும். புனேயின் ஹடப்சரில் சிவில் விமானத் துறையின் கீழ் கிளைடிங் மையம் அமைந்ததும், டில்லி, அமிர்தசரஸ், பிலானி போன்ற இடங்களில் மன்றங்கள் எழுந்ததும், கான்பூர் ஐ.ஐ.டி. தன் வளாகத்திலேயே ஓடுபாதை அமைத்ததும் இந்தப் பார்வையால்தான். 1950-ல் தொடங்கிய தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவும் மாணவர்களுக்கு வானத்தை முதலில் காட்டியது கிளைடர் வழியாகவே. நாடு அன்றிருந்த வறுமையில் பறக்கும் ஆசையை அரசுச் செலவில் பொதுச் சொத்தாக்க முனைந்த முடிவு இது. அதன் பெருமை இன்னும் சரியாகச் சொல்லப்படவில்லை.

ஹடப்சரில் கிளைடரை ஏற்றியது பெரும்பாலும் விஞ்ச். களத்தின் மறுமுனையில் நிற்கும் எஞ்சின், ஒரு கிலோமீட்டர் நீள எஃகுக் கம்பியை உருளையில் சுற்றி இழுக்கும். காற்றாடியைப் போல மூக்கை உயர்த்தி எழும் கிளைடர் முந்நூறு, நானூறு மீட்டரில் கம்பியை விட்டுவிடும். ஏறுகாற்று கிடைக்காவிட்டால் ஐந்தாறு நிமிடத்தில் தரை. கிடைத்துவிட்டால் மாலை வரை வானம். முதல் சில நிமிடங்களுக்குள் எழும் காற்றைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்ற கட்டாயம், இழுவை விமானத்தில் அறுநூறு மீட்டர் வரை போகிறவருக்குக் கிடைக்காத பயிற்சி.

மையத்துக்கும் மன்றங்களுக்கும் வேண்டிய கிளைடர்களை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டே இருக்க முடியாது. டில்லி சப்தர்ஜங் விமான நிலையத்தில் இருந்த சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையத்தில் எஸ். ராமாமிர்தம் அவற்றை இந்தியாவிலேயே வடிவமைத்தார். 1958-ல் பறந்த இரண்டு இருக்கைக் கிளைடருக்கு அசுவினி என்று பெயர். தொடர்ந்து பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீரம், பின்னாளில் ஆர்த்ரா என்று நட்சத்திர வரிசை நீண்டது. 1961-ல் பறந்த ரோகிணியில் ஆசிரியரும் மாணவரும் அருகருகே உட்காரலாம். ஆசிரியர் முகம் பார்த்துப் பேசியும், கை காட்டியும் சொல்லிக்கொடுக்க அது வசதி. நூறுக்கும் மேற்பட்ட ரோகிணிகள் கட்டப்பட்டன. ஒரு தலைமுறை இந்திய கிளைடர் விமானிகள் பறக்கப் பழகியது அதில்தான்.

போட்டியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை கார்த்திக்கும் மிருகசீரமும். 1963-ல் பறந்த கார்த்திக் ஒற்றை இருக்கை. 15 மீட்டர் இறக்கை. லெஷ்னோவில் பிறந்த ஸ்டாண்டர்ட் வகுப்பின் அளவுக்குள் அடங்கியது. 1970-ல் வந்த மிருகசீரம் அதன் மேம்பட்ட வடிவம். உடலும் இறக்கையும் மரம். பல இடங்களில் மேலே துணி. அதே காலத்தில் ஜெர்மனியில் கண்ணாடி இழைக் கிளைடர்கள் வந்துவிட்டன. வழவழப்பான அந்த இறக்கைகள் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் சறுக்கும்போது, நல்ல மரக் கிளைடர் முப்பதை எட்டும். ராமாமிர்தத்தின் வடிவமைப்பு பின்தங்கியது என்று இதை வாசிப்பது தவறு. பட்டறையில் கிடைத்த மரத்தையும் பசையையும் கொண்டு, மன்றத்துத் தச்சரே செப்பனிடக்கூடிய ஒன்றை அவர் செய்தார். வயலில் இறங்கி இறக்கை கீறிய கிளைடர் மறுவாரம் பறக்க வேண்டிய நாட்டுக்கு அதுவே சரியான விடை.

தக்காணத்தில் நெடுந்தொலைவு பறக்கும் நாள் எப்படி அமையும் என்பதைக் காலை முதல் தொடர்ந்தால் இந்த நிலத்தின் இயல்பு புரியும். இரவுக் குளிர்ச்சியால் தரையில் படிந்த கனத்த காற்றை வெயில் கரைக்கக் காலை பத்து, பதினொரு மணி ஆகும். முதலில் எழும் காற்று குறுகலாகவும் கிழிந்ததாகவும் இருக்கும். அவசரப்பட்டவர் தரைக்கு வருவார். நண்பகலில் கிழக்கே, யவத், தௌண்ட் பக்கத்துச் சமவெளிமேல் பஞ்சுத் திரள்மேகங்கள் தோன்றும். ஒவ்வொரு மேகமும் ஓர் ஏறுகாற்றின் உச்சி. முப்பது, நாற்பது டிகிரி சாய்ந்து வட்டமிட்டு அதன் அடிவரை ஏறி, அடுத்த மேகத்தை நோக்கிப் பாய்வதே வேலை. மேகம் இல்லாத வறண்ட நாளும் உண்டு. அன்று தூசிச் சுழல், உழுத வயல், குன்றின் வெயில் பக்கம், வட்டமிடும் பருந்து ஆகியவற்றையே நம்ப வேண்டும். தெற்கே திவே காட் சரிவும் அதற்கு அப்பால் புரந்தர் மலையும் வெயிலில் கொதித்துக்கொண்டிருக்கும். சித்திரை பிற்பகுதியில் மேகங்கள் கோபுரமாக எழும்பினால், மராத்தியர் ‘வளீவ்’ என்று சொல்லும் இடிமழையின் அறிகுறி அது; அதன் அடியில் போவது அறிவீனம். மூன்றரை, நான்கு மணிக்கு மேற்கு வானம் தூசு நீங்கித் தெளிந்தால் கடற்காற்று தாபோடியை எட்டிவிட்டது என்று பொருள். அதற்குள் ஹடப்சரை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும்.

திரும்ப முடியாதவர் வயலில் இறங்குவார். அறுவடை முடிந்த சோள வயல் நல்லது. ஆளுயரக் கரும்பின் மேல் இறங்கினால் கிளைடர் புதைந்து உடையும். கிணற்று மேடும் முள்வேலியும் மின்கம்பியும் மேலிருந்து தெரியாது. போட்டியில் இப்படி இறங்குவது தோல்வியாகக் கருதப்படுவதில்லை. அதுவரை கடந்த தூரத்துக்குப் புள்ளி உண்டு. வெள்ளிச் சான்று பெற விரும்பும் புதியவர் கடக்க வேண்டிய 50 கிலோமீட்டர் தூரமும், ஐந்து மணி நேரப் பறப்பும், ஆயிரம் மீட்டர் உயர ஏற்றமும் இத்தகைய நாட்களுக்கான பயிற்சிதான். அதற்கு மேல் 300 கிலோமீட்டர் கேட்கும் பொன் சான்றும் 500 கேட்கும் வைரமும் இருக்கின்றன. உலகமெங்கும் ஒரே அளவுகோல் என்பதால், ஹடப்சரில் பறந்தவரும் வாஸர்குப்பேயில் பறந்தவரும் ஒரே பட்டியலில் நிற்க முடியும்.

இத்தனை இருந்தும் ஐரோப்பாவைப் போல ஆண்டுதோறும் ஊர் மாறி நடக்கும் பெரிய போட்டி மரபு இந்தியாவில் வேரூன்றவில்லை. நல்ல பருவம் குறுகியது. மாசி முதல் வைகாசி வரை. ஆனியில் பருவமழை வந்ததும் மேகம் தாழ்ந்து, களம் சேறாகிவிடும். பத்து நாள் போட்டிக்கு முப்பது கிளைடர், அவற்றை ஒரு மணி நேரத்துக்குள் மேலேற்ற ஆறேழு இழுவை விமானம், வானொலி, டிரெய்லர் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும். எந்த ஒரு மன்றத்திடமும் அவ்வளவு இல்லை. புனேயில் இன்னொரு தடையும் உண்டு. லோகேகாவ் விமானப் படைத் தளமும் அதன் ஓடுபாதையைப் பகிரும் பயணியர் விமான நிலையமும் நகரின் வானத்தைக் கட்டுப்படுத்துகின்றன. தாபோடியின் மேலுள்ள வானமும் அந்த எல்லைக்குள்தான். ஜெட் விமானங்கள் இறங்கும் வழியில் எஞ்சின் இல்லாத விமானம் தன் விருப்பப்படி வட்டமிட முடியாது என்பது நியாயமான விதி. காய்கறித் தோட்டமும் கரும்புமாக இருந்த ஹடப்சரைச் சுற்றி மகர்பட்டா நகரியமும் கணினி நிறுவனங்களும் எழுந்த பின், களத்தை விட்டு வெளியே அவசரமாக இறங்க இடமே குறைந்துபோனது. டில்லியிலோ 2000-களின் தொடக்கத்தில் பாதுகாப்புக் காரணத்தால் சப்தர்ஜங்கில் பறப்பு நின்றது. இந்திய கிளைடர்கள் பிறந்த அதே களம் அது. கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் விமானப் படைப் பயிற்சி மாணவர்கள் இப்போது எஞ்சின் பொருத்திய சூப்பர் டிமோனா கிளைடரில் பறக்கிறார்கள்.

வானத்தில் இன்னோர் இழப்பும் நேர்ந்தது. ஹான்கின் கண்ட பிணந்தின்னிக் கழுகுகள் 1990-களில் இந்தியா முழுவதும் மடிந்தன. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து, அவற்றின் இறைச்சியைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. அந்த மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்த 2006-ல் அரசு தடை விதித்தபோது, சில இனங்களில் நூற்றுக்கு மூன்று நான்கே மிஞ்சியிருந்தன. கிளைடர் விமானிக்கு அவை ஏறுகாற்றைக் காட்டிய துணைகள். பருந்துகள் இன்னும் நகரக் குப்பைமேடுகளின் மேல் ஏராளம். ஆனால் பெரிய காற்றைக் காட்டும் பெரிய பறவை புனே வானத்தில் அரிதாகிவிட்டது.

போட்டி மரபு வேறொரு வடிவில் திரும்பியது. தாபோடியிலிருந்து லோனாவளா செல்லும் புறநகர் ரயிலில் ஏறினால் தளேகாவ், வடகாவ் தாண்டிக் காம்ஷேத் வரும். மலையும் பவனா அணை ஏரியும் சூழ்ந்த இந்தப் பகுதியில் 1990-களிலிருந்து பாராகிளைடிங் பரவியது. துணியாலான இறக்கை, மடித்தால் முதுகுப் பைக்குள் அடங்கும். விஞ்சும் வேண்டாம், இழுவை விமானமும் வேண்டாம், ஓடுபாதையும் வேண்டாம்; சரிவில் நாலைந்து அடி ஓடினால் போதும். லோகேகாவ் கட்டுப்பாட்டு வானத்திலிருந்து விலகியும் இருக்கிறது. வாஸர்குப்பேயில் தொடங்கிய சரிவுக் காற்றும், கிரோன்ஃபெல்ட் ஊசியில் கண்ட ஏறுகாற்றும், ராமநாதன் அளந்த கடற்காற்றும் இந்த மலைகளின் மேல் மூன்றும் ஒரே நாளில் கிடைக்கும்.

பாராகிளைடர் போட்டியின் விதிகளும் கிளைடர் போட்டியிலிருந்தே வந்தவை. நாளுக்கொரு பாதை, திருப்புமுனைகள், ஜிபிஎஸ் பதிவு, நாளுக்கு 1000 புள்ளி என்ற உச்சவரம்பு, மோசமான நாளின் மதிப்பைக் குறைக்கும் கணக்கு என எல்லாமே அந்த வழி. கெரோல்ஃப் ஹைன்ரிக்ஸ், ஆஞ்செலோ கிராபன்ஸானோ, பால் மாலிசன் ஆகிய மூவர் வகுத்த புள்ளிக் கணக்கு அவர்களது பெயர்களின் முதலெழுத்துகளால் ‘காப்’ என்று வழங்குகிறது. பாராகிளைடிங் உலகப் போட்டி முதலில் 1989-ல் ஆஸ்திரியாவின் கோசனில் நடந்தது. பல நாடுகளில் சுற்றிவரும் உலகக் கோப்பைத் தொடர் இந்தியாவுக்கு வந்தது 2015 அக்டோபரில். இடம் இமாசலப் பிரதேசத்தின் பீர் பில்லிங். தௌலாதார் மலைத்தொடரின் தென்சரிவில், மழை ஓய்ந்த ஐப்பசி வெயிலில், விமானிகள் நாள்தோறும் பாதைகளை முடித்துப் புள்ளி சேர்த்தார்கள். 2024 நவம்பரில் உலகக் கோப்பை மீண்டும் அங்கே வந்தது. அதே ஐப்பசியில்தான் காம்ஷேத் மலைகளிலும் பருவம் தொடங்குகிறது. வைகாசியில் மழைமேகம் மலையை மூடும் வரை அது நீடிக்கும்.